ஒன்பதாம் பகுதியின் கடைசி ஏழு நிமிடம்

மங்கையர்க்கரசி தன் வாழ்நாளில் பார்க்காமல் எழுதிய விமர்சனம் ஒன்றே ஒன்றுதான். ஊர் நாற்பத்தாறு வருஷமாகத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவதும் அந்த ஒன்றைத்தான். கண் எரிய எரியப் பார்த்து, ஒரு வரி கூட்டாமல் ஒரு வரி குறைக்காமல் எழுதிய மற்ற ஆயிரத்துச் சொச்சத்தையும் ஒரு ஜீவன்கூட ஞாபகம் வைத்திருக்கவில்லை. இந்த வயிற்றெரிச்சலை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் பார்க்காமல் எழுதிய கதையையும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும்?

அந்த விமர்சனம் ‘செவ்வாய்த் தெரு’ தொடரின் ஒன்பதாம் பகுதியைப் பற்றியது. வயதானவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1991-இல் தொலைக்காட்சியில் பதின்மூன்று வாரம் வந்த விஞ்ஞானத் தொடர் அது. செவ்வாய்க் கிரகத்தில் நம் ஆட்கள் ஒரு தெருவில் குடியிருக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு வீட்டின் கதை. விண்கலம் அட்டையில் செய்தது, விண்வெளி உடை அலுமினியத் தாளில் தைத்தது, கட்டுப்பாட்டு அறையில் சைக்கிள் சங்கிலி சுற்றும். இருந்தாலும் செவ்வாய்க்கிழமை ஏழரை மணி அடித்தால் வெளியே ஈ காக்கை இருக்காது. பிறகு நாடா தட்டுப்பாடு என்று சொல்லி, அந்த ஒளிநாடாக்களின் மேலேயே கிரிக்கெட் ஆட்டங்களைப் பதிந்து அழித்துவிட்டார்கள். பதின்மூன்றில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

மிஞ்சாத அந்த ஒன்பதாம் பகுதியைத்தான் 2037 அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை காலை, ‘மறுகாட்சி’ என்ற நிறுவனத்தின் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து அரசி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வயது எழுபது. பக்கத்தில் பிரணவ். முப்பது வயது, கெட்டிக்காரன், அந்தப் படத்தை மீட்டெடுத்த கருவியை வடிவமைத்த குழுவுக்குத் தலைவன். பேச்சுக்குப் பேச்சு மேடம் போடுவான்.

“நாடா அழிஞ்சா என்ன மேடம், பாத்தவங்க இருக்காங்கல்ல?” என்று ஆரம்பித்தான். தலையில் ஒரு துணிப்பட்டையைக் கட்டிக்கொண்டு பழைய காட்சி ஒன்றை நினைத்தால், மூளைக்குள் எழும் படத்தைக் கருவி வாங்கிக்கொள்ளுமாம். “ஒருத்தர் ஞாபகம் தப்பலாம். ஆனா ஒருத்தரையொருத்தர் தெரியாத முந்நூத்தி நாப்பது பேர் ஒரே மாதிரி ஞாபகம் வெச்சிருந்தா, அது எப்படி மேடம் தப்பாகும்?”

அரசிக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. திரையில் அட்டை வானமும் சிவப்பு மண்ணும் வந்தபோது அவளுக்கு மனசு நிறைந்தும் போனது. கதை இதுதான். தெருவில் காற்று தீர்ந்துகொண்டு வருகிறது. நடுவில் இருக்கும் கதவை மூடினால் மேல்தெரு பிழைக்கும், கீழ்த்தெருவில் இருக்கும் முப்பது குடும்பம் மூச்சுமுட்டிச் சாகும். மூடச் சொல்லி மெக்கானிக் பவளத்துக்கு உத்தரவு. முழங்கை வரை கிரீஸ் அப்பிய அந்தப் பெண் எழுந்து கதவை நோக்கி நடக்கிறாள். இதுவரை இருபத்துமூன்று நிமிடம். அடுத்த ஏழு நிமிடத்தில் பவளம் அழுதுகொண்டே கதவை இழுத்து மூடினாள். மரச்சட்டங்கள் மடிந்து மடிந்து வந்து சேர்ந்தன. பூட்டும்போது அவள் கையிலிருந்த நீலக் கண்ணாடி வளையல் ஒன்று உடைந்து கீழ்த்தெருப் பக்கம் விழுந்தது.

அரசிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கதவை அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்த வளையல் கையையும் தெரியும்.

வளையல் எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். முதல் இருபத்துமூன்று நிமிடமும் பவளத்தின் கை வெறும் கை. கிரீஸ் வேலை செய்கிறவள் எங்கே கண்ணாடி வளையல் போடப் போகிறாள்? பிரணவ் உற்சாகமாகச் சிரித்தான். அவளுடைய விமர்சனத்திலேயே அந்த வளையல் இருக்கிறதே, மறந்துவிட்டீர்களா என்றான். எழுத்தில் ஒரு சாட்சி, ஞாபகத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு சாட்சி, இரண்டும் அச்சு மாறாமல் பொருந்துகிறது, இதைவிட என்ன நிரூபணம் வேண்டும் என்பது அவன் கட்சி.

“முந்நூத்தி நாப்பது பேர்னியே தம்பி. மிச்சம் இருபத்தெட்டுப் பேர்?”

“அவங்களுக்கு அந்த இடத்துல ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ அட்டைதான் வந்துச்சு மேடம். அவங்க ஏரியால ஏதோ கோளாறு. கழிச்சுட்டோம்.”

வருகிற வெள்ளிக்கிழமை வெளியீட்டு விழா. அரசிக்குச் சால்வை, பழைய விமர்சனம் சட்டம் போட்டு மேடையில் இருக்கும், அவள் ஒரு புது விமர்சனம் எழுதி வாசிக்க வேண்டும். இதையெல்லாம் சொல்லிவிட்டு, வாசல்வரை வந்து வழியனுப்பும்போது பிரணவ் பெருமையாக இன்னொன்றும் சொன்னான். இந்த ஒன்பதாம் பகுதியைக் காட்டித்தான் கருவியை அரசாங்கம் ஒப்புக்கொண்டதாம். ஆகஸ்டு மழையில் இரண்டு பேர் செத்த சுரங்கப்பாதை விசாரணையில் அவர்கள் எடுத்துக் கொடுத்த படம்தான் முக்கியச் சாட்சியாம். அரசி தலையாட்டிவிட்டு ஆட்டோ ஏறினாள்.

1991-இல் அவளுக்கு இருபத்துநான்கு வயது. ஒரு வாரப் பத்திரிகையில் சின்னத்திரைப் பக்கம் எழுதினாள். தங்கியிருந்தது ரங்கநாயகி அம்மாள் வீட்டு மாடி அறை, டி.வி. கீழே அம்மாள் வீட்டுக் கூடத்தில். அந்தக் காலத்து டி.வி.க்கு மரப்பெட்டி உண்டு, இழுத்து மூட மடக்குக் கதவு உண்டு, பூட்டும் உண்டு. அன்றைக்கு வெளியே அடைமழை. பவளம் கதவை நோக்கி நடக்கிறாள், பட்டென்று படம் போய்த் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ அட்டை வந்து நின்றது. மழையில் தங்கள் ஏரியாவில் மட்டும்தான் கோளாறு என்று நினைத்து எல்லோரும் அட்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எட்டு மணிக்குச் செய்தி வந்துவிட்டது. ரங்கநாயகி அம்மாள் சலித்துக்கொண்டே எழுந்து மடக்குக் கதவை இழுத்துப் பூட்டினாள். அவள் கையில் நீலக் கண்ணாடி வளையல். அவசரத்தில் ஒன்று பூட்டில் பட்டு உடைந்தது.

ஒன்பது மணிக்குள் பக்கம் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். ஆசிரியர் ஆளை அனுப்பிவிட்டார். வாசலில் சைக்கிள் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. முடிவு தெரியாது என்று எழுதினால் எங்கள் வீட்டில் படம் தெரியவில்லை என்று ஊருக்கே தம்பட்டம் அடித்த மாதிரி ஆகும். கதை போன போக்குக்குப் பவளம் கதவை மூடத்தான் மூடுவாள் என்று அரசிக்குத் தோன்றியது. கண் முன்னால் இருந்த கதவையும் வளையலையும் எடுத்துப் பவளத்துக்குப் பூட்டி எழுதிக் கொடுத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்தது. சாக்குச் சாக்காகக் கடிதம். அப்படியே கண் முன்னால் கொண்டுவந்துவிட்டீர்கள் என்று எழுதாத ஆளில்லை. சரி, ஊரே பார்த்திருக்கிறது, நம் ஊகம் பலித்துவிட்டது என்று அவளும் விட்டுவிட்டாள். அடுத்த வாரம் வேறு வீட்டுக் கதை. பார்க்கவில்லை என்று தெரிந்தும், போகப் போக அவளுக்கே அதைப் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. கண்ணை மூடினால் கதவு மடிந்து மடிந்து மூடும்.

புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு ஒரு பெண்மணி குடையும் கையுமாக அவள் வீட்டு வாசலில் நின்றாள். அறுபத்தெட்டு வயது இருக்கும். காபி வேண்டாம் என்றாள், உட்காரச் சொன்னதும் வேண்டாம் என்றாள்.

“என்னைத் தெரியல இல்ல? நான்தான் பவளம்.”

அரசி அப்போதுதான் அந்தத் தாடையை அடையாளம் கண்டாள். பிலோமினா. அந்தத் தொடருக்குப் பிறகு கல்யாணம் ஆகி, நடிப்பை விட்டுவிட்டுப் போனவள். உடம்பு தளர்ந்திருந்தது, பார்வை மட்டும் அப்படியே இருந்தது.

நேராக விஷயத்துக்கு வந்தாள். சுரங்கப்பாதை விசாரணையில் மாட்டிக்கொண்டிருக்கும் பம்பு ஆபரேட்டர் ஸ்டெல்லா அவளுடைய மகள். ஆகஸ்டு மழையில் சுரங்கப்பாதையில் தண்ணீர் ஏறி ஒரு ஆட்டோ மூழ்கியது, இரண்டு உயிர் போனது. ஸ்டெல்லா பம்பு அறையைப் பூட்டிக்கொண்டு ஆறேகால் மணிக்கு வீட்டுக்குப் போய்விட்டாள் என்பது குற்றச்சாட்டு. அக்கம்பக்கத்தார் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் தலையில் பட்டையைக் கட்டி எடுத்த படத்தில் அவள் வெளியே வந்து பூட்டுகிறாள், குடையை விரிக்கிறாள், நடந்து போகிறாள். ஸ்டெல்லா சொல்வதோ வேறு. தண்ணீரில் கரண்ட் கசிந்தது, யாரும் உள்ளே வந்து சாகக் கூடாது என்று உள்பக்கமாகப் பூட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்று பம்பை ஓட்டிக்கொண்டிருந்தேன் என்கிறாள்.

“மறுநாள் காலையில ஒரு சேனல்ல பொம்மைப் படம் போட்டுக் காட்டுனான், ‘நடந்தது இதுதான்’னு. அதுல அவ குடைய விரிச்சிக்கிட்டுப் போறா. ஊரே பாத்துச்சு. என் பொண்ணுகிட்ட அப்போ குடையே கிடையாது. இதோ, இந்தக் குடை அதுக்கப்புறம் நான் வாங்குனது.” பிலோமினாவுக்கு மூச்சு வாங்கியது. “நாளைக்கு அந்தப் படத்தை ஏத்துக்கிட்டா அவளுக்கு ஏழு வருஷம் ஜெயில். மெஷின் தப்பு சொல்லாதாம். ஏன்னா செவ்வாய்த் தெருவை அப்படியே எடுத்துக் குடுத்துச்சாம்.”

என்ன வரப்போகிறது என்று அரசிக்குத் தெரிந்துவிட்டது.

“நான் அந்தக் கதவை மூடல.”

“பிலோமினா, நான் வந்து...”

“மூடலன்னா மூடல. மூடுறதுக்குக் கதவே இல்ல. கதவு செய்யுற ஆசாரி அன்னைக்கு வரல, வெறும் நிலை மட்டும்தான் நின்னுச்சு. டைரக்டர் பாத்தாரு. கதவு வரலன்னா என்ன, நீ நில்லுன்னாரு. ரெண்டு கையையும் நிலையில ஊணிக்கிட்டு நின்னேன். மேல்தெருக்காரன் ‘பூட்டுடீ’ங்கறான். ‘என்னைத் தாண்டிப் பூட்டு’ன்னு சொன்னேன். அதான் வசனம், அதோட முடிஞ்சுது.”

விமர்சனம் வந்த வாரமே பிலோமினா பத்திரிகை ஆபீசுக்கு வந்து கேட்டிருக்கிறாள். ஊரே பார்த்திருக்கிறது, நீ ஒருத்தி மட்டும் இல்லை என்கிறாயா என்று கேட்டு வாசலோடு அனுப்பிவிட்டார்கள். ஒளிபரப்பு அன்று அவள் வேறு ஊரில் நாடகத்தில் இருந்தாள். நிலையத்தில்தான் யாரோ முடிவை மாற்றிப் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டாள். டைரக்டரும் அடுத்த வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டார். போன மாதம் விசாரணையில் கருவியின் பெருமைக்காகப் போட்டுக் காட்டிய ஒன்பதாம் பகுதியைப் பார்த்த பிறகுதான், அது யாரும் எடுத்த படமே இல்லை என்று அவளுக்கு உறைத்தது. முகம் அவளுடையது, அழுகை அவளுடையது இல்லை. நிறுவனத்துக்குப் போய்ச் சொன்னாள். நடித்தவராக இருந்தாலும் நீங்கள் ஒருவர்தானே என்று சொல்லிவிட்டார்களாம்.

“என்னை விடுங்க. அன்னைக்கு நீங்க என்ன பாத்தீங்க? அதை மட்டும் சொல்லுங்க.”

அரசி எழுந்து அலமாரியைத் திறந்தாள். அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. விமர்சனத்துக்காக எதைப் பார்த்தாலும் நோட்டில் இடது ஓரம் மணி போட்டு, வலது பக்கம் கண்ணில் பட்டதை எழுதுவாள். ஊகம், அபிப்பிராயம் எதுவும் நோட்டில் வராது. 1991 நோட்டு பழுப்பேறிக் கிடந்தது. பக்கத்தைப் பிரித்து பிலோமினாவிடம் நீட்டினாள்.

7.51 - பவளம் எழுந்திருக்கிறாள். 7.52 - நடக்கிறாள். 7.53 - தடங்கல். 8.00 - செய்தி.

பிலோமினா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“எங்க ஏரியா மட்டும்னு நெனச்சேன்,” என்றாள் அரசி. அதைச் சொல்லும்போதே அவளுக்கு உறைத்தது. அந்த இருபத்தெட்டுப் பேரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். மிச்சப் பேர்? அவர்களும் அன்றைக்கு அப்படித்தானே நினைத்திருப்பார்கள்? டி.வி. வைத்திருந்த வீட்டுக்காரன் எவன் தன் வீட்டில் படம் போய்விட்டது என்று ஒத்துக்கொண்டான்? எங்கள் வீட்டில் பளிச்சென்று தெரிந்ததே என்றுதானே மறுநாள் ஆபீசில் சொல்லியிருப்பான்? வெள்ளிக்கிழமை பத்திரிகையில் முடிவைப் படித்துவிட்டு, சனிக்கிழமையிலிருந்து பார்த்ததாகவே பேசியிருப்பான். அவளைப் போலவே. ஒரு ஊரே பார்க்காத படத்தைப் பார்த்ததாகச் சாதித்திருக்கிறது. அந்தப் படத்தை அத்தனை தலையிலும் ஓட்டியவள் அவள்தான்.

வெட்கத்தில் அவளுக்கு முகம் எரிந்தது. அந்த ஒரு விமர்சனத்தால் கிடைத்த பேர், விருது, கல்லூரியில் அதைப் பாடமாக வைத்தது, எல்லாம் வரிசையாகக் கண்ணில் வந்து போனது. நாளைக்கு வாயைத் திறந்தால் அத்தனையும் போகும். எழுபது வயதில் பொய்க்காரி என்ற பட்டம் வாங்க வேண்டும். சும்மா இருந்தால் சால்வை. இதெல்லாம் கொஞ்ச நேரம்தான். அதற்குள் பிரணவ் போன் செய்தான். புது விமர்சனம் தயாரா என்று விசாரித்தான்.

அரசி உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள். பார்க்கவில்லை, கதை கட்டிவிட்டேன், நாளைக்கு விசாரணைக்கு வந்து இதையே சொல்லப்போகிறேன் என்றாள். அவன் ரொம்பப் பரிவாகப் பேசினான். மேடத்துக்கு வயதாகிவிட்டது, பழைய நோட்டைப் பார்த்துக் குழம்பிப் போயிருக்கலாம், ஒருவருடைய ஞாபகத்தை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது, ஓய்வு எடுங்கள் என்றான்.

அந்தப் பரிவுதான் அவளுக்கு எரிச்சலைக் கிளப்பிவிட்டது.

“ஏன் தம்பி, நான் பொய் எழுதுனப்போ அது சாட்சி. உண்மையைச் சொன்னா வயசாயிடுச்சா? நாளைக்கு உன் பட்டையை எடுத்துக்கிட்டு வா. என் தலையிலயே கட்டு,” என்று சொல்லிப் போனை வைத்தாள்.

வியாழக்கிழமை காலை விசாரணைக் கூடம் நிரம்பி வழிந்தது. தலைவர் வைத்தியலிங்கம் ஓய்வு பெற்ற நீதிபதி, அறுபத்துநான்கு வயது, யாரையும் அதட்டாதவர். முன்வரிசையில் ஸ்டெல்லா. நாற்பது வயது, எண்ணெய் வைத்து இழுத்துச் சீவிய தலை, கூட்டத்தை நிமிர்ந்தே பார்க்காத முகம். முதலில் பிலோமினா எழுந்து கதவில்லாத நிலையைப் பற்றியும் ‘என்னைத் தாண்டிப் பூட்டு’ என்ற வசனத்தைப் பற்றியும் சொன்னாள். பெற்ற தாய் வேறு என்ன சொல்வாள் என்கிற மாதிரி கூட்டம் கேட்டுக்கொண்டது. பத்திரிகைக்காரர்கள் குறித்துக்கொண்டார்கள்.

அடுத்து அரசி. நாற்பத்தாறு வருஷத்துப் பொய்யை நாலே வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பிரணவ் எழுந்து, அம்மையார் மேல் மிகுந்த மரியாதை உண்டு, ஆனால் அவர் குழம்பியிருக்கிறார், அவர் விருப்பப்படியே கருவியைக் கொண்டுவந்திருக்கிறோம், அது பொய் சொல்லாது என்றான்.

“நானும் அதைத்தான் கேக்கிறேன் ஐயா,” என்றாள் அரசி.

தலைவர் அனுமதி கொடுத்தார். துணிப்பட்டையைத் தலையில் கட்டினார்கள். செவ்வாய்த் தெரு, ஒன்பதாம் பகுதி, கடைசி ஏழு நிமிடம், நினைத்துக்கொள்ளுங்கள் என்றான் பிரணவ். அரசி கண்ணை மூடினாள். சுவரில் இருந்த பெரிய திரையில் சிவப்பு மண் வந்தது. பவளம் வந்தாள். கதவு மடிந்து மடிந்து மூடியது. நீல வளையல் உடைந்து விழுந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் சேர்ந்து எடுத்துக் கொடுத்ததைவிடப் பளிச்சென்று இருந்தது படம். பவளத்தின் கண்ணீர்கூடத் தெரிந்தது.

கூடம் கலகலத்தது. பிரணவ் அடக்கமாகத் தலை குனிந்தான், சிரிப்பை மறைக்கத்தான். பிலோமினா இருந்த இடத்திலிருந்தே அலறிவிட்டாள். “அடிப்பாவி, இப்படிக் கவுத்துட்டியே.”

அரசி நிதானமாகப் பட்டையை அவிழ்த்து மேசையில் வைத்தாள்.

“எல்லாரும் பாத்தீங்களா? நல்லாத் தெரிஞ்சுதா?” என்றாள். “இதுல ஒரு துளியைக்கூட நான் பாக்கல. அந்தக் கதவு ரங்கநாயகி அம்மா வீட்டு டி.வி. பெட்டியோட கதவு. அந்தக் கை அவங்க கை. நான் கதை கட்டி விட்டது, நாப்பத்தாறு வருஷமா என் தலையிலயே உக்காந்துக்கிட்டு இருக்கு. இது இப்படித்தான் காட்டும்னு எனக்குத் தெரியும் ஐயா. தெரிஞ்சுதான் கட்டச் சொன்னேன். நான் அன்னைக்குப் பாத்தது இதுல இருக்கு.” நோட்டைத் தலைவர் மேசையில் கொண்டுபோய் வைத்தாள். “பொய்யைக் கட்டினவ தலையில மாட்டினாலே பொய்யைத்தான் நிஜம்னு காட்டுது உங்க மெஷின். அடுத்தவங்க தலையில மாட்டினா மட்டும் என்ன காட்டிடும்?”

வைத்தியலிங்கம் நோட்டைத் திருப்பினார். ஏழு ஐம்பத்துமூன்று என்ற இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“நான் சாட்சி சொல்லக் கூடாது,” என்றார். “ஆனா எங்க வீட்லயும் தடங்கல்தான் வந்துச்சு. எங்கப்பா மொட்டை மாடிக்குப் போய் மழையில ஆன்டெனாவைத் திருப்பிக்கிட்டு இருந்தாரு.”

பின்வரிசையில் ஒருவர் எழுந்து, எங்கள் வீட்டிலும் அதேதான் என்றார். சுருக்கெழுத்து எழுதிக்கொண்டிருந்த அம்மாளும் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தலையாட்டினாள். அங்கொன்றும் இங்கொன்றுமாக நரைத்த தலைகள் எழுந்தன. நாற்பத்தாறு வருஷமாகத் தங்கள் வீட்டில் மட்டும்தான் படம் போனது என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

அரசி அதற்கும் விடவில்லை. கையைக் காட்டி உட்காரச் சொன்னாள்.

“இதையும் நம்பாதீங்க ஐயா. இப்ப நான் சொன்னதைக் கேட்டுக்கூட இவங்களுக்கு ஞாபகம் வந்திருக்கலாம். யாரு தலைக்குள்ள என்ன இருக்குன்னு தேடாதீங்க. அன்னன்னைக்கு அந்தந்த நேரத்துல கையால எழுதினது ஏதாவது இருக்கான்னு கேளுங்க. பம்பு ஓட்டுற அந்தப் பொண்ணும் என்னை மாதிரி மணி போட்டு நோட்டு எழுதியிருக்கணுமே?”

அப்போதுதான் ஸ்டெல்லா அன்றைக்கு முதல் தடவையாக வாய் திறந்தாள். பம்பு அறையில் லாக் புக் உண்டு, அரை மணிக்கு ஒரு தடவை எழுத வேண்டும், அன்றைக்கும் எழுதினேன் என்றாள். அது எங்கே என்று தலைவர் கேட்டார். அதிகாரிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சேற்றிலிருந்து எடுத்து, பையில் போட்டு, முத்திரை வைத்து, ஆகஸ்டிலிருந்து ஒரு அலமாரியில் கிடக்கிறதாம். படமே கையில் இருக்கும்போது நோட்டு எதற்கு என்று யாரும் பிரிக்கவில்லையாம். வைத்தியலிங்கம் அன்றைக்குத்தான் அதட்டினார்.

மத்தியானம் பையைப் பிரித்தார்கள். தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன, மை கரைந்திருந்தது. ஆனாலும் படிக்க முடிந்தது. ஐந்தரை, பம்பு இரண்டும் ஓடுகிறது. ஆறு, தண்ணீர் முழங்கால். ஆறேகால் என்று தனியாக ஒரு வரி: கரண்ட் கசிகிறது, உள்ளே பூட்டிவிட்டேன், மெயின் ஆபீசுக்குப் போன் போகவில்லை. ஆறரை, இடுப்பு. ஏழு, ஒரு பம்பு நின்றுவிட்டது. ஏழரைக்கு எழுதியது படிக்கத் தெரியவில்லை, ஆனால் அதே கையெழுத்து. கருவியின் படத்தில் ஆறேகாலுக்குக் குடை விரித்துப் போனவள், ஏழரைக்கு நனைந்த தாளில் எழுதிக்கொண்டிருந்தாள். தலைவர் அந்தப் படத்தை விசாரணையிலிருந்து தள்ளுபடி செய்தார். போன் ஏன் போகவில்லை, பம்பு ஏன் நின்றது என்று மெயின் ஆபீசைக் கேட்கச் சொன்னார். ஸ்டெல்லாவின் பெயரைக் குற்றச்சாட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை விழா நடக்கவில்லை. பிரணவ் மட்டும் சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். அந்த இருபத்தெட்டுப் பேரை இன்னொரு தடவை போய்ப் பார்க்கப்போவதாகச் சொன்னான். அரசி அவனுக்குக் காபி கொடுத்தாள். போகும்போது அவன் மேடம் போட மறந்துவிட்டான், வரேம்மா என்றான்.

அரசி வாக்குக் கொடுத்தபடி புது விமர்சனத்தை எழுதிப் பழைய பத்திரிகைக்கே அனுப்பினாள். முதல் இருபத்துமூன்று நிமிடத்தை அணு அணுவாக எழுதினாள், நோட்டில் இருந்ததை மட்டும் வைத்து. கடைசியில் இரண்டே வரி. ‘7.53-க்குத் தடங்கல். அதற்குப் பிறகு நடந்தது எதையும் நான் பார்க்கவில்லை; முன்பு எழுதியது பொய்.’ பிலோமினாவுக்கு இதில் ஏகப்பட்ட வருத்தம். போன் செய்து சண்டைக்கே வந்துவிட்டாள். கையை ஊன்றி நின்றதை எழுதினால் என்ன, இத்தனை வருஷம் கழித்தாவது உண்மையைப் போடக் கூடாதா என்று கேட்டாள். உன்னை நம்புகிறேன், ஆனால் நான் பார்க்கவில்லை, நான் எழுதினால் நாளைக்கு ஊரே பார்த்தேன் என்று சொல்லும் என்றாள் அரசி. பிலோமினா சிரித்துவிட்டாள்.

பொய்க்காரி பட்டம் கிடைக்காமல் இல்லை. விருதைத் திருப்பிக் கேட்டு இரண்டு பேர் எழுதினார்கள். கல்லூரிப் பாடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். வெட்கம் இருந்தது, ஆனாலும் நாற்பத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அவள் கண்ணை மூடினால் கதவு எதுவும் மூடவில்லை.

பத்து நாள் கழித்துக் காய்கறி வாங்கப் போனாள். கடைக்காரர் அறுபதைத் தாண்டியவர், வழக்கமாகக் கொசுறு கறிவேப்பிலைக்குக்கூட மூக்கால் அழுகிறவர், அன்றைக்கு ஒரு கட்டாகவே எடுத்துப் பையில் போட்டார். விசாரணை பற்றிப் பேப்பரில் படித்தாராம். ஆனால் அரசியின் புது விமர்சனத்தில் மட்டும் அவருக்குக் குறை.

“பாக்கலன்னு எழுதிட்டீங்களே அம்மா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அந்தப் பொண்ணு ரெண்டு கையையும் நிலையில ஊணிக்கிட்டு, ‘என்னைத் தாண்டிப் பூட்டு’ன்னு சொல்லுவா. நானே கண்ணால பாத்தேன். எங்க வீட்ல பளிச்சுன்னு தெரிஞ்சுது.”

அரசி தராசுக்குப் பக்கத்தில் பையை வைத்துவிட்டு, கைப்பையிலிருந்து நோட்டையும் பேனாவையும் எடுத்தாள்.

“சொல்லுங்க. எத்தனை மணிக்குப் பாத்தீங்க?”